மேஸ்திரிக்கு ஒரு நாள் விரதம்

இந்தச் சனிக்கிழமையோடு நான் கிளம்புகிறேன். பதினோரு வருசம் நாய்க்குட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. இனி ஆனைமலையில் மாமனாரின் பேக்கரியில் பன் எடுத்துக் கொடுக்கப் போகிறேன். பன்னுக்கு வயித்தால போகாது. அதுவே பெரிய நிம்மதி.

முப்பத்திரண்டு வயதில் ரிட்டயர் ஆகிறவன் புத்தி சொல்ல உட்கார்ந்தால் எனக்குப் பிறகு இந்த வேலையைப் பார்க்கப் போகிற நீங்கள் மூன்று பேரும் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுத்தில் பிழை இருந்தால் அதற்கும் சேர்த்துச் சிரியுங்கள். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சிரிப்பு வராது. அந்த இடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த ஊசி எப்போது, பூச்சி மருந்து எவ்வளவு, கூடையை எதைப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட முடியாதது ஒன்று இருக்கிறது. அது குட்டி போய்ச் சேர்ந்த மறுநாள் வருகிற போன்.

அந்த போன் கட்டாயம் வரும். "வயிறு சரியில்லீங்க" என்பார்கள். வராமல் என்ன செய்யும்? நம் பக்கத்தில் மீட்டர் படிக்க வந்தவரைக்கூட மோர் குடிக்காமல் அனுப்ப மாட்டார்கள். வீட்டுக்குள் வந்த குட்டிக்கும் அதே மரியாதைதான். அம்மா ஒரு கிண்ணம் பால் வைப்பார். அப்பா பிஸ்கட்டை உடைத்துப் போடுவார். பக்கத்து வீட்டு அம்மணி பார்க்க வரும்போதே அவித்த முட்டையோடு வரும். கடைசியில் அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய். அம்மாவிடம் பால் குடித்ததை இப்போதுதான் மறந்த வயிறு அது. புது இடம், புது ஆட்கள், வேன் குலுக்கல். இவ்வளவும் சேர்ந்தால் மறுநாள் வாசலெல்லாம் கோலம்தான்.

அதனால் அந்த போன் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். "என்னங்க, விருந்து பலமா?" என்றுதான் ஆரம்பிப்பேன். அவர்கள் பதறிக்கொண்டு கூப்பிடுவார்கள், நான் சிரிக்க வைப்பேன், ரெண்டு நாளில் குட்டியும் தானாகச் சரியாகிவிடும். என் வாய்தான் மருந்து என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

இப்போது சொல்லப் போவது நான் முன்பு வேலை பார்த்த நாய்ப் பண்ணையில் நடந்தது. இங்கே உள்ள ஓனரோடு முடிச்சுப் போட்டுச் சண்டை மூட்டி விடாதீர்கள்.

காரணம்பேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு லைன் வீடு. சரசு அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். அவருடைய வீட்டுக்காரர் பொன்னுசாமி அண்ணன் விசைத்தறி ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. காலில் ஓரளவு பலம் திரும்பிவிட்டது. வலது கை திரும்பவில்லை, பேச்சும் குழறல்தான். பிசியோதெரபி செய்கிறவர் பிடித்து அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதற்கு வீட்டில் ஏதாவது ஒன்று ஓடியாட வேண்டும் என்றுதான் அக்கா குட்டி கேட்டிருந்தார்.

ஒரு முற்பகலில் கொண்டுபோய் இறக்கினேன். பழுப்பு நிறம், நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைக் கீற்று. குட்டி நேராகப் போய் அண்ணனுடைய காலில் ஒன்றுக்கு அடித்தது.

அண்ணன் குனிந்து பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மே...ஸ்திரி" என்றார்.

"தறிக் குடோன்ல ஒரு மேஸ்திரி இருந்தாருங்க தம்பி. வந்ததும் வராததுமா இவுரு மேலதான் பாய்வாருங்க" என்றார் அக்கா. குட்டிக்குப் பெயர் வைத்தாயிற்று.

அக்கா ஒரு தட்டில் குழைந்த சோறு கொண்டுவந்தார். கீழே வைக்கப் போனபோது அண்ணன் தட்டைப் பிடித்துக்கொண்டார். வலது கை விரல்களால் கொஞ்சம் வழித்து நீட்டினார். கை ஆடியது, பாதிச் சோறு தரையில் விழுந்தது. குட்டி மீதியைத் தின்றுவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. ஐந்து விரலையும் நக்கி முடிக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அக்கா அடுப்படி நிலையில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வேன் வரைக்கும் கூடவே வந்து சொன்னார்: "எட்டு மாசமா அந்தக் கையில ஒரு டம்ளர் தூக்கலீங்க."

"நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அண்ணன் இனி அந்தக் கையை நீட்டிக்கொண்டேதான் இருப்பார், நிறுத்த மாட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு போன்.

"ஏனுங்க தம்பி, வேலையா இருக்கறீங்களா? தொந்தரவு பண்ணிப்போட்டனுங்களா?"

"சொல்லுங்கக்கா."

"ஒன்னுமில்லீங்க. மேஸ்திரிக்குத்தான் காத்தால இருந்து வயித்தால போகுதுங்க. லேசாத்தானுங்க."

"என்னக்கா போட்டீங்க? அரிசிம்பருப்பா?"

"ஆமாங்க."

"நெய் ஊத்துனீங்களா?"

"ஒரு கரண்டிங்க... அவுரு குடுக்கக் குடுக்கத் தின்னுபோட்டானுங்க."

"ஏக்கா, மேஸ்திரிக்குக் கல்யாண விருந்தே போட்டிருக்கறீங்க! இன்னைக்கு அவருக்கு விரதம். பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது, ஆமா. நாளைக்கு நானே வந்து விரதத்தை முடிச்சு வெக்கறேன்."

வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கவில்லை. "சரிங்க தம்பி" என்றார். நான் வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த போனில் நான் கேட்காமல் விட்டதை எண்ணிப் பாருங்கள். எத்தனை தடவை போனது என்று கேட்கவில்லை. தண்ணீராட்டமா, கூழாட்டமா, அதில் ரத்தம் இருக்கிறதா, வாந்தி எடுத்ததா என்று கேட்கவில்லை. குட்டி விளையாடுகிறதா என்பதையாவது கேட்டிருக்கலாம். அக்கா "ஒன்னுமில்லீங்க" என்றார், நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். நம் ஆட்கள் எதற்கும் ஒன்னுமில்லீங்க என்றுதான் தொடங்குவார்கள். எங்கப்பா வயல் வேலையில் அரிவாள் பட்டு, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், "ஒன்னுமில்லீங்க டாக்டர், லேசாக் கீறிப்போச்சுங்க" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். ஆறு தையல் போட்டார்கள். அப்படிப்பட்ட பேச்சில் வளர்ந்த எனக்கே அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் போயிற்று.

விரதம் என்று நான் சொன்னதும் முழுக்க விளையாட்டு இல்லை. பெரிய நாய்க்கு வயிறு கெட்டால் ஒரு வேளை சோற்றை நிறுத்துவார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, ஐம்பது நாள் குட்டிக்கும் அதையே தூக்கிக் கொடுத்தேன். அவ்வளவு சின்னக் குட்டியைப் பட்டினி போடவே கூடாது. அதன் உடம்பில் சேர்த்து வைத்தது எதுவுமில்லை. குழைந்த சோற்றைத் துளித்துளியாகப் பல தடவை கொடுக்கலாம், நெய்யும் பாலும் வேண்டாம், காய்ச்சி ஆறிய தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் அந்த அரை நிமிடத்தில் ஜோக்கடித்தேன்.

மறுநாள் போவதாகச் சொன்னதை மறந்தும் போனேன்.

அந்த மறுநாள் மதியம் பன்னிரண்டரை இருக்கும். சூலூரில் ஒரு வீட்டில் குட்டியை இறக்கிவிட்டு வேனில் ஏறினேன். போன்.

"ஏனுங்க தம்பி, இன்னைக்கு வாரேன்னு சொன்னீங்களே, சும்மா கேக்கலாம்னு கூப்பிட்டேனுங்க. அவசரமில்லீங்க."

"மேஸ்திரி எப்படி இருக்கறாரு?"

"சமத்தாத் தூங்கறானுங்க. வயித்தால போறதும் நின்னுபோச்சுங்க."

நல்லது என்று சொல்லி வைக்கப் போனேன். விரல் சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது. அந்த "சமத்தா" என்கிற வார்த்தைதான் என்னை நிறுத்தியது. ஐம்பது நாள் குட்டி சமத்தாக இருக்காது. செருப்பைக் கடிக்கும், கணுக்காலைக் கடிக்கும், மதிய நேரத்தில் ஊரைக் கூட்டும்.

"கூப்பிட்டா எந்திரிக்கறானாக்கா?"

"இல்லீங்க. நல்ல தூக்கமுங்க."

"வாலாவது ஆட்டறானா?"

"இல்லீங்க."

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சான்?"

அக்கா மெதுவாகச் சொன்னார்: "நீங்கதானுங்களே பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதுன்னீங்க. நீங்க வந்து முடிச்சு வெப்பீங்கன்னு பாத்திரத்தை எடுத்து அலமாரி மேல வெச்சுட்டேனுங்க. நேத்துப் பூரா அந்த எடத்துலயே போயி வெறுந்தரைய நக்குனானுங்க. பொறுக்காம இவுரு தண்ணி குடுக்கப் போனாருங்க. நான்தான் அவரு கையத் தட்டி உட்டுட்டேன்."

சிரிப்பு வராது என்று சொன்னேனே, அந்த இடம் இதுதான்.

வண்டியை எடுத்தேன். போகும்போதே சிங்காநல்லூரில் உள்ள கால்நடை டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். என் வயதுதான் அவருக்கும். பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வேன், அவரும் திருப்பிக் கொடுப்பார். அன்று என் குரலைக் கேட்டதும் ஒரு வார்த்தை கூட வீணாக்கவில்லை. "துணியில சுத்திச் சூடா வெக்கச் சொல்லு. சக்கரைத் தண்ணியத் தொட்டு ஈறுல தடவணும். வாய்க்குள்ள ஊத்தக் கூடாது, நுரையீரலுக்குப் போயிரும். உடனே கொண்டா."

அக்காவைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். அடுத்து ஓனருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, வேன் அவருடையது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்:

"அட, இதுக்குப் போயி ஏன் மூச்சு வாங்கற? நம்மகிட்ட அதே பழுப்புல, நெத்தியில அதே வெள்ளைக் கீத்தோட இன்னொரு குட்டி இருக்குது. இதை வைத்தியத்துக்குக் கொண்டு போறேன்னு தூக்கிட்டு வந்துரு. சாயங்காலம் அதைக் கொண்டு போயி உட்டுப்போடு. அந்தாளுக்கு என்ன தெரியப் போகுது?"

ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினேன். உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. குட்டி பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி, என் வாயால் நடந்தது யாருக்கும் தெரியாது. அக்காவும் அழ வேண்டாம். எல்லோருக்கும் நல்லதுதானே என்று மனசு கணக்காகப் பேசியது.

அந்தாளுக்கு என்ன தெரியப் போகுது என்பதில்தான் இடித்தது. ஆயிரக்கணக்கான நூல் ஓடுகிற தறியில், அறுந்த ஒற்றை நூலை நடந்துகொண்டே கண்ணால் பிடித்த மனிதர் அவர். கைதான் விழுந்திருந்தது. கண் விழவில்லை. ஐந்து விரலையும் நக்கிய குட்டி எது, நக்காத குட்டி எது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் வாய் திறந்து கேட்க மாட்டார். திரும்பவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

ஓனர் திரும்பக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. காரணம்பேட்டைக்கு ஓட்டினேன்.

வீட்டில் பொன்னுசாமி அண்ணன் குட்டியைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். தலை மட்டும் வெளியே தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். காது சில்லென்று இருந்தது. அக்கா நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து விரலால் ஈறில் தடவிக்கொண்டிருந்தார். ஈறு வெளுத்து, விரல் ஒட்டுகிற மாதிரி காய்ந்திருந்தது.

"குடுங்கண்ணா, கொண்டு போயிட்டு வந்தர்றேன்" என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தவிர எட்டு மாதமாக அந்த வாசலைத் தாண்டாத மனிதர், காலை இழுத்து இழுத்து வந்து வேனில் ஏறி உட்கார்ந்தார். அக்கா கதவைப் பூட்டக்கூட இல்லை.

டாக்டரம்மா குட்டியை மேசையில் போட்டு, தோலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இழுத்த தோல் இழுத்தபடியே நின்றது.

"எப்போ இருந்து தண்ணி உள்ள போகலை?"

"நேத்துக் காத்தால இருந்துங்க" என்றார் அக்கா.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "குடுத்தும் குடிக்கலையா, இல்ல குடுக்கவே இல்லையா?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "குடிக்கலீங்க" என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நாலு பேர் முன்னால் ஒருத்தனைத் தலைகுனிய வைப்பது அவருக்குத் தெரியாது. தன்னுடைய குட்டி மேசையில் கிடக்கும்போதும் தெரியவில்லை. நான் பேசாமல் நின்றிருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும். ஆனால் குட்டி தானாகத் தண்ணீரை வேண்டாம் என்று ஒதுக்கியது என்றால் டாக்டர் தேடுவது வேறு நோய். யாரும் கொடுக்கவில்லை என்றால் செய்ய வேண்டியது வேறு. நடுவில் இருப்பது ஒரே ஒரு எழுத்து.

"குடிக்கலைன்னு இல்லீங்க டாக்டர். குடுக்கலை. நான்தான் குடுக்க வேண்டாம்னு சொன்னேன்."

"நீயா? எதுக்கு?"

"விளையாட்டுக்குங்க."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். "கதவுக்கு வெளிய நில்லு" என்று மட்டும் சொன்னார். நின்றேன். பொன்னுசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, தன் கை ஏன் தட்டிவிடப்பட்டது என்று. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

தொற்று நோய் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டார்கள். இல்லை. நூல் மாதிரி இருந்த முன்னங்காலில் ஊசி ஏற்றி மருந்துத் தண்ணீர் விட்டார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி பிழைத்துக்கொண்டான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைக் காக்க வைக்க எனக்கு உரிமை இல்லை.

இனி அந்த மறுநாள் போன் உங்களுக்கு வரும்போது, முதலில் கேளுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான். என்ன செய்கிறது என்று கேளுங்கள். எத்தனை தடவை போனது, என்ன நிறம், எழுந்து வருகிறதா, தண்ணீர்க் கிண்ணத்தைக் காட்டினால் நாக்கை நீட்டுகிறதா. குட்டி சோர்ந்து கிடக்கிறது, விடாமல் வாந்தி எடுக்கிறது, ரத்தம் போகிறது, இதில் ஒன்றைக் கேட்டாலும் பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். நீங்கள் வைத்தியர் இல்லை. நானும் இல்லை. ஜோக்கை எல்லாம் நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். போனில் உங்கள் முகம் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் காதில் விழுவது கம்பெனி ஆள் சொன்ன வார்த்தை. அதை அவர்கள் அப்படியே செய்வார்கள், குட்டி வெறுந்தரையை நக்கினாலும் செய்வார்கள்.

நாலு மணி வாக்கில் மேஸ்திரி கண்ணைத் திறந்தான். தலையைத் தூக்க முடியவில்லை. டாக்டரம்மா ஊசி இல்லாத ஒரு சின்னச் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்தார். "கன்னத்து ஓரமா, ஒரு ஒரு சொட்டா உடணும். முழுங்குனதுக்கப்புறம்தான் அடுத்தது. யாரு குடுக்கறீங்க?"

அக்கா கையை நீட்டினார். அதற்கு முன்னால் அண்ணனின் வலது கை நீண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா தயங்கினார். "அக்கா, நீங்களே..."

அக்கா சிரிஞ்சை வாங்கினார். வாங்கி அண்ணனின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பிடிக்க வைத்தார். எட்டு மாதமாக ரப்பர் பந்தைக்கூட அமுக்காத கட்டைவிரல் அது. அசையவில்லை. அண்ணனின் நெற்றியில் நரம்பு புடைத்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. கட்டைவிரல் ஒரு மயிரிழை நகர்ந்தது. ஒரு சொட்டு விழுந்தது. மேஸ்திரியின் நாக்கு வெளியே வந்து அதை எடுத்துக்கொண்டது.

அண்ணன் அடுத்த சொட்டை விடவில்லை. தலையைத் திருப்பி, கதவுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தார்.

"தம்...பி. இன்னொன்னு... குடுக்கலா...முங்களா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான், எனக்குத்தான் தெரியும் என்று இன்னும் நம்பிக் கேட்டார்.

பதில் எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்த பிறகுதான் சொன்னேன்.

"குடுங்கண்ணா."